அகரவரிசையும் அட்டவணையும்: தமிழ்ச் சொல்லொழுங்கின் வரலாறு பற்றிய ஒரு பரிசோதனை நோக்கு

I

பெயர்களையோ சொற்களையோ கொண்ட பட்டியலொன்றை எடுத்துக்கொள்ளும்போது அதன் உள்ளடக்கம் பற்றி நாம் வினா எழுப்புவதுண்டு. அதன் ஒழுங்கு பற்றி வினா எழுப்புவது அரிது. அகரத்திலே தொடங்கி னகரத்திலே முடியும் வரிசை இயற்கையின் நியதிபோல எமக்குத் தோற்றுகிறது. சிறுவயதிலே ஏடு தொடக்கிய நாளிலிருந்து பழகிய வரிசையாதலின், அதற்கும் ஒரு வரலாறு உண்டு என்பதும், அவ்வரலாற்றிலே மனித முடிவுகளும் சமூக நலன்களும் இடம்பெற்றுள்ளன என்பதும் எளிதிற் புலப்படுவதில்லை. சமூக உற்பத்தியான ஒன்று இயற்கைப் பொருளின் வேடம் புனைந்து நிற்கும்போது, அவ்வேடத்தைக் களைந்து காட்டுவது வரலாற்றுப் பொருள்முதல்வாத ஆய்வாளனின் முதற் கடமையாகும்.

இக்கடமையை நிறைவேற்றுவதற்கு எதிர்பாராத இடத்திலிருந்து ஓர் ஆய்வுகூடம் கிடைத்துள்ளது. கணினியின் உறவுநிலைத் தரவுத்தளத்தையே குறிப்பிடுகின்றேன். 1970இல் எட்கார் கொட் என்பார் உறவுநிலை மாதிரியை முன்வைத்த தமது புகழ்பெற்ற கட்டுரையிலே, அக்காலத் தரவு முறைமைகளின் குறைபாடுகளுள் ஒன்றாக ஒழுங்குச் சார்பினைச் சுட்டிக்காட்டினார். தரவுகள் எவ்வொழுங்கிற் சேமிக்கப்பட்டனவோ அவ்வொழுங்கை நம்பியே நிரல்கள் எழுதப்பட்டன. சேமிப்பொழுங்கு மாறியதும் அவை பிழைத்தன. கொட்டின் மாதிரியில் அட்டவணை என்பது நிரைகளின் கணமாகும். கணத்திற்கு முதலும் இல்லை, ஈறும் இல்லை. ஒழுங்கு வேண்டுமெனின் வினவுபவர் அதனை வெளிப்படையாகக் கேட்டல் வேண்டும். கேட்கும்போது எவ்விதிப்படி என்பதும் தீர்மானிக்கப்படல் வேண்டும். அவர் விதியைக் கூறாவிடின் முறைமை தன்னிடமுள்ள இயல்புநிலை விதியை ஆளும்.

இங்கேதான் எமது பிரச்சினை தொடங்குகின்றது. அந்த இயல்புநிலை விதியை ஆக்கியவர் யார்? எந்த வரலாற்றுச் சூழலில் அது உருவாயிற்று? தமிழ்ச் சொற்கள் அதன்கீழ் எவ்வாறு நிற்கின்றன? எமக்கு வேண்டிய விதியை நாமே எழுதினால் அது சரியானதென்று எவ்வாறு துணிவது? இவ்வினாக்கள் பொறியியலாளருக்கு மட்டும் உரியன எனத் தமிழறிஞர் ஒதுங்கிவிடுதல் பொருந்தாது. இவற்றுக்கு விடை காண முற்படும் எவரும் தொல்காப்பியத்திலிருந்து நிகண்டுகளுக்கும், நிகண்டுகளிலிருந்து மானிப்பாய் அச்சுக்கூடத்திற்கும் செல்ல வேண்டியவராவர்.

II

தமிழிற் சொற்களைத் தொகுத்த முதல் முயற்சிகளில் அகரவரிசை இல்லை. திவாகர நிகண்டு பன்னிரண்டு தொகுதிகளைக் கொண்டது. தெய்வப் பெயர்த் தொகுதி முதலிலே நிற்கின்றது. அதன்பின் மக்கட் பெயர், அதன்பின் விலங்கின் பெயர், அதன்பின் மரப்பெயர் என அது இறங்கிச் செல்கின்றது. பிங்கல நிகண்டிலே வான், வானவர், ஐயர் என்னும் வகைகள் கூறப்பட்ட பின்னரே அவனியும் ஆடவரும் இடம்பெறுகின்றனர். மேலிருந்து கீழாக அமைந்த உலகமொன்றின் வரைபடம் இது. சொல்லொன்றைத் தேடுபவன் அச்சொல் குறிக்கும் பொருள் இவ்வுலகப் படிநிலையில் எங்கே நிற்கின்றது என்பதை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். நிலமானிய சமுதாயத்தின் கருத்தியல் நூலின் உள்ளடக்கத்திலே மட்டுமன்றி, நூலைப் பயன்படுத்தும் முறையிலேயே பொதிந்திருந்தது எனலாம். நிகண்டு செய்யுளில் அமைந்தமையும், ஆசிரியர் வாயிலாக மனனம் செய்யப்பட்டமையும் இதனோடு இணைத்து நோக்கத்தக்கன. நெஞ்சிலே பதித்துக்கொண்டவனுக்கு நூலைப் புரட்டித் தேடும் தேவை எழவில்லை.

இந்நிலை ஒரே பாய்ச்சலில் மாறிவிடவில்லை. மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டிலே பதினோராந் தொகுதி எதுகை முறையில் அமைந்துள்ளது. சொல்லின் இரண்டாம் எழுத்தைக் கொண்டு ககர எதுகை, ஙகர எதுகை என அது வகுக்கப்பட்டது. பொருளின் தரத்தை விடுத்து எழுத்தின் இடத்தைக் கொண்டு சொற்களை ஒழுங்குபடுத்தும் கொள்கை இவ்வாறு செய்யுளின் தேவையினூடாகவே உள்நுழைந்தது. 1594இல் சிதம்பரம் இரேவண சித்தர் இயற்றிய அகராதி நிகண்டு சொற்களின் முதலெழுத்தை அகரவரிசையில் வைத்தது. முதலெழுத்தோடு அவ்வரிசை நின்றுவிட்டது. வீரமாமுனிவரின் சதுரகராதி 1732இல் உருவாயிற்று. பெயர், பொருள், தொகை, தொடை என்னும் நான்கு பகுதிகளாக அமைந்த அந்நூலோடு அகரவரிசை தமிழ்ச் சொற்றொகுப்பின் அமைப்பு விதியாக நிலைபெற்றது. செய்யுளைத் துறந்து தனிச்சொற்களாக நின்றமையும் அதன் சிறப்பாகும்.

இம்மாற்றத்திற் கிறித்தவ மிசனரிமாரின் பங்கினை மறுத்தல் வரலாற்றுக்கு முரணாகும். அவர்களுக்குக் குருகுல மனன மரபு கிடைக்கவில்லை. வெளியிலிருந்து வந்து மொழியைக் கற்பவனுக்குத் தேடுதற்குரிய கருவி தேவைப்பட்டது. அச்சுப்பொறி அத்தேவையைப் பரவலாக்கிற்று. 1842இல் அமெரிக்க மிசனின் மானிப்பாய் அச்சுக்கூடத்திலிருந்து 58,500 சொற்களைக் கொண்ட யாழ்ப்பாண அகராதி வெளிவந்தது. சந்திரசேகர பண்டிதரின் உழைப்பு அதன் அடித்தளமாக அமைந்தது. 1862இல் வெளிவந்த வின்சுலோவின் அகராதி 67,000இற்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிக்கன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்து, 1939இல் அநுபந்தத்துடன் நிறைவுற்றது. இத்துணை பெரிய தொகுப்புகளைச் செய்யுளில் அமைத்தலோ, தெய்வம் முதலாக இறக்கி வைத்தலோ இயலாத காரியம்.

அகரவரிசையின் முற்போக்கான பாத்திரம் இவ்விடத்திலே தெளிவாகின்றது. அரசனும் அரிவாளும் அருகருகே நிற்கும் வரிசை அது. எழுத்தறிந்த எவரும் குருவின் துணையின்றிச் சொல்லைத் தேடிக் கண்டடையலாம். படிநிலையைப் பொருட்படுத்தாத இவ்வொழுங்கு அச்சு முதலாளித்துவத்தின் விளைபொருள். அதேவேளை கல்வி பரவலாவதற்கும் அது வழிசமைத்தது. இவ்விரண்டும் ஒரே இயக்கத்தின் இரு கூறுகளாகும்.

III

ஆயினும் அகரவரிசை நடுநிலையானது எனக் கொண்டுவிடலாகாது. அவ்வரிசையின் உள்ளமைப்பு ஆராயற்பாலது.

தொல்காப்பியம் அகரம் முதல் னகரம் ஈறாக முப்பது எழுத்துகளைக் கூறும். மெய்யெழுத்துகளின் வரிசையை உற்றுநோக்கின், ககரம் முதல் வகரம் வரை இந்தியாவின் பிற மொழிகளுக்கும் பொதுவான வரிசையோடு அது ஒத்துச் செல்வதைக் காணலாம். பிறப்பிடத்தின்படி அமைந்த வருக்கங்களும், பின் ய, ர, ல, வ என்பனவும் அவ்வாறே வருகின்றன. பொது வரிசையில் இடமில்லாத ழ, ள, ற, ன என்னும் நான்கும் அவற்றின்பின் நிற்கின்றன. பொதுச் சட்டகமொன்றை ஏற்று, அதிலே அடங்காத எழுத்துகளை இறுதியிற் சேர்த்ததன் விளைவு இவ்வரிசை எனக் கொள்வதே பொருத்தமாகும். தூய தமிழ் ஒழுங்கு என நாம் போற்றுவது பண்பாட்டுக் கலப்பின் சுவடு தாங்கிய ஒழுங்கே.

பிற்காலத்தில் இவ்வரிசைக்குத் தத்துவ விளக்கம் தேவைப்பட்டது. தொல்காப்பியத்தின் பழைய உரைமரபிலே, தானும் இயங்கிப் பிற மெய்களையும் இயக்கும் சிறப்பினால் அகரம் முதலில் வைக்கப்பட்டது என்றும், வீடுபேற்றுக்குரிய ஆண்பாலை உணர்த்தும் சிறப்பினால் னகரம் ஈற்றில் வைக்கப்பட்டது என்றும் காரணம் கூறப்படுகின்றது. முதலாவது காரணம் ஒலியியல் சார்ந்தது. இரண்டாவது காரணம் அப்பட்டமான சமூகக் கருத்தியல். வீடுபேறு ஆணுக்கே உரியது என்னும் நம்பிக்கை எழுத்து வரிசையின் ஈற்றிலே போய் அமர்ந்துகொண்டது. ஒழுங்கு முன்னரே இருந்தது. ஆதிக்கம் பெற்றிருந்த சிந்தனை அதனைத் தனக்குச் சான்றாக்கிக்கொண்டது.

ஆய்தத்தின் கதையும் இத்தகையதே. தொல்காப்பியத்தில் அது முப்பதின் புறத்தே நிற்கும் சார்பெழுத்து. அகராதி செய்தவர்களோ ஒவ்வோர் எழுத்துக்கும் ஓரிடம் காண வேண்டியவர்களாயினர். ஔகாரத்திற்கும் ககரத்திற்கும் இடையில் ஃ நிற்பதை இன்று பாலர் வகுப்புப் பிள்ளையும் அறியும். இலக்கண ஆசிரியனின் கொள்கையை அகராதி செய்வோனின் நடைமுறைத் தேவை திருத்திக்கொண்டமைக்கு இது தக்க எடுத்துக்காட்டு.

IV

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் எழுத்துகள் எண்களாயின. கணினிக்கு அகரமும் ககரமும் தெரியா. எண்கள் மட்டுமே தெரியும். எண்களைச் சிறியது பெரியது என ஒப்பிடுவதே அதற்கு மிக எளிதான வேலை. ஆகவே எழுத்துக்கு எந்த எண் வழங்கப்பட்டதோ அந்த எண்ணே அவ்வெழுத்தின் ஒழுங்காகவும் மாறிற்று.

யுனிகோட் தராதரத்தின் முதற் பதிப்பு 1991இல் வெளிவந்தது. அதிற் தமிழுக்குரிய பகுதி இந்திய அரசின் 1988ஆம் ஆண்டுக் குறியீட்டுத் தராதரத்தைத் தழுவி அமைந்தது. அத்தராதரத்தின் நோக்கம் குறுகியதன்று. இந்திய எழுத்துமுறைகள் யாவற்றையும் ஒரே சட்டகத்தில் வைத்து, ஒன்றில் எழுதியதை இன்னொன்றிற்கு எளிதில் மாற்றுவதற்கு அது வழிசெய்தது. ஆனால் அச்சட்டகம் தேவநாகரியை ஆதாரமாகக் கொண்டிருந்தது. தேவநாகரியிலே னகரத்தைக் குறிப்பதற்கு நகரத்தின் கீழே புள்ளியிட்ட வடிவம் பயன்படும். எனவே தமிழ்ப் பகுதியிலும் னகரம் நகரத்தின் பக்கத்தில் அமர்ந்தது. றகரம் ரகரத்தை அடுத்தது. ளகரமும் ழகரமும் லகரத்தின்பின் வகரத்திற்கு முன்னே புகுந்தன. ஆய்தம் வடமொழி விசர்க்கத்தின் பெயரைப் பெற்று அகரத்திற்கும் முன்னே சென்றது. ஜகரம் சகரத்தை அடுத்து நிற்க, ஷகர, ஸகர, ஹகரங்கள் இறுதியில் நின்றன.

பொதுச் சட்டகத்தில் அடங்காத தமிழெழுத்துகளை எங்கே வைப்பது என்பது பழைய பிரச்சினை. பண்டை இலக்கணகாரர் அவற்றை இறுதியில் இருத்தினர். நவீன அரசின் பொறியியலாளர் அவற்றை உறவினர் அருகில் இருத்தினர். இதனைத் தமிழுக்கு எதிரான சதியென முழங்குவதால் விளக்கம் எதுவும் கிட்டாது. பெரும் அரசொன்றின் நிருவாகத் தேவையும், அதன் மொழிப் படிநிலையும், கணினித் தொழிற்றுறையின் சிக்கன நோக்கும் சேர்ந்து உருவாக்கிய முடிவு அது. ஒருமுறை இடம்பெற்ற எழுத்தை அவ்விடத்திலிருந்து பெயர்ப்பதில்லை என்பது யுனிகோட்டின் உறுதியான கொள்கையாதலின், குறியெண் வரிசையை இனி மாற்றவும் இயலாது. ஒழுங்கினைக் குறியெண்ணிலிருந்து பிரித்து, தனி விதியாக எழுதுவதே எஞ்சிய வழி.

யுனிகோட்டின் ஒழுங்குவிதி முறைமை இதற்கு இடமளிக்கின்றது. அதில் எழுத்துகளின் வேறுபாடு பல நிலைகளில் அளவிடப்படும். எழுத்தே வேறாதல் முதல்நிலை வேறுபாடு. மேற்குறி முதலியவற்றால் வேறாதல் இரண்டாம் நிலை. ஆங்கிலத்தின் பெரிய, சிறிய எழுத்து வேறுபாடு மூன்றாம் நிலை. மேல்நிலையில் வேறுபாடு தோன்றினால் கீழ்நிலை நோக்கப்படமாட்டாது. மொழியொன்றுக்குத் தேவையான மாற்றங்களைச் சிறு விதிகளாக எழுதிச் சேர்க்கலாம். பேர்க்லிப் பல்கலைக்கழகத்தில் 1986இல் தொடங்கிய ஆய்வுத் திட்டமொன்றிலிருந்து வளர்ந்து, இன்று எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தவும் மாற்றவும் கூடியதாக உள்ள போஸ்ட்கிரெஸ் எனும் தரவுத்தள முறைமை, 2017இல் வெளிவந்த 10ஆம் பதிப்பில் இவ்வொழுங்குவிதிகளைச் செயற்படுத்தும் ஐ.சி.யு. நூலகத்தை இணைத்துக்கொண்டது. 2023இன் 16ஆம் பதிப்பு முதல் பயனரே தமது விதிகளை எழுதி அதற்கு அளிக்கலாம். உற்பத்திச் சாதனம் கைக்கெட்டும் தூரத்தில் வந்துள்ளது. அதனை எவ்வாறு கையாள்வது என்பதே இனி வினா.

V

விதியை எழுதுமுன் இயல்புநிலையைப் பரிசோதித்தல் வேண்டும். கதவு, கமலம், கரை, கலை, கவி, கழி, களை, கறி, கனவு என்னும் ஒன்பது சொற்களை அட்டவணையொன்றில் இட்டு, குறியெண் ஒழுங்கிலே தருமாறு வினவினால் கிடைக்கும் விடை வருமாறு: கதவு, கனவு, கமலம், கரை, கறி, கலை, களை, கழி, கவி. ஈற்றில் நிற்கவேண்டிய கனவு இரண்டாம் இடத்திற்கு ஏறிவிட்டது. நடுவில் நின்ற கவி கடைசிக்குத் தள்ளப்பட்டது.

புள்ளியெழுத்தின் நிலை இன்னும் கவனத்திற்குரியது. குறியெண் வரிசையிலே புள்ளி, உயிர்க்குறிகள் யாவற்றுக்கும் பின்னே வருகின்றது. கண், கண்ணாடி, கணக்கு, கணவன் என்னும் சொற்கள் குறியெண்ணின்படி கணக்கு, கணவன், கண், கண்ணாடி என நிற்கும். மெய்யுடன் உயிர் சேர்ந்து உயிர்மெய் பிறக்கும் என்பது எமது இலக்கணம். அதன்படி ண் முன்னும் ண பின்னும் வருதல் முறை. கணினியிலோ அகரம் ஏறிய வடிவமே அடிப்படை. மெய்யைப் பெறுவதற்கு அதிலிருந்து அகரத்தைப் புள்ளியால் நீக்கவேண்டும். மெய் முதலா, உயிர்மெய் முதலா என்னும் இலக்கணக் கொள்கை வேறுபாடு இங்கே எண்களின் உருவில் வந்து நிற்கின்றது.

இவ்வகைப் பரிசோதனையிற் சில எச்சரிக்கைகள் தேவை. முதலாவது, சொற்களைச் சரியான வரிசையிலேயே அட்டவணையில் இட்டுப் பரிசோதித்தல் தவறு. விதி இரு சொற்களைச் சமமெனக் கொண்டுவிட்டால், இட்ட ஒழுங்கிலேயே அவை திரும்பிவந்து பிழையை மறைத்துவிடக்கூடும். சொற்களைப் பலமுறை கலைத்து இட்டு, ஒவ்வொரு முறையும் அதே விடை வருகின்றதா எனப் பார்த்தல் வேண்டும். இரண்டாவது, பட்டியலின் தோற்றத்தைக் கண்ணால் நோக்கித் திருப்தியுறல் போதாது. முப்பது சொற்களாயின் 435 இணைகள் உண்டு. ஒவ்வோர் இணையிலும் எது முந்தியது என்பதை வினவி, எதிர்பார்த்த விடையோடு ஒப்பிடுதல் வேண்டும். மூன்றாவது எச்சரிக்கையே யாவற்றிலும் முக்கியமானது. எதிர்பார்த்த விடை எங்கிருந்து வருகின்றது? கணினி தந்த வரிசையையே அளவுகோலாகக் கொண்டு கணினியைப் பரிசோதித்தல் நோயாளியிடமே மருந்துச் சீட்டுக் கேட்பது போலாகும். அளவுகோல் வெளியிலிருந்து, அச்சிட்ட அகராதியிலிருந்து, மொழி பேசும் மக்களின் வழக்கிலிருந்து வருதல் வேண்டும்.

சரியான விடை தவறான காரணத்தாலும் வரலாம். அஃது என்னும் சொல் குறியெண் வரிசையிலும் அகம் என்பதற்கு முன்னரே வருகின்றது. அகராதியிலும் அவ்வாறே. ஆகவே ஆய்தத்தின் இடம் சரியெனப் பரிசோதகர் முடிவு செய்யக்கூடும். உண்மையில் கணினி அதனை அகரத்திற்கும் முந்திய குறியாகவே கொண்டுள்ளது. ஃபாத்திமா என்னும் பெயரை அட்டவணையில் இட்டால் இது வெளிப்படும். அப்பெயர் அகிலனுக்கும் ஆனந்திக்கும் முன்னே, பட்டியலின் தலைப்பிற் போய் நிற்கும். அதே பெயரைப் பாத்திமா என எழுதுவோர் பகரத்திற் காணப்படுவர். விதியின் இரு விளக்கங்களையும் பிரித்துக் காட்டவல்ல சொல்லைத் தேடி எடுப்பதே பரிசோதகரின் உண்மையான திறமை. அது மொழியறிவினாலன்றி வாய்ப்பதில்லை.

VI

இனி விதியை எழுதுவோம். வகரத்தின்பின் தமிழ் மரபு வரிசையை நிறுவுவதற்கு எழுதவேண்டிய விதி மிகச் சுருக்கமானது:

&வ < ழ < ள < ற < ன

வகரத்தை நங்கூரமாகக் கொண்டு, அதன்பின் முதல்நிலை வேறுபாட்டுடன் ஏனையவை நிற்கும் என்பது இதன் பொருள். புள்ளியெழுத்துக்கு விதி செய்வதாயின், எழுத்தும் புள்ளியும் சேர்ந்த இரு குறியெண்களை ஓரலகாகக் கொள்ளுமாறு கூறி, க் என்பதைக் ககரத்திற்கு முன்னும், ங் என்பதை ஙகரத்திற்கு முன்னும் என ஒவ்வொன்றாக நிறுவவேண்டும். எழுதிய பின் முற்கூறிய ஒன்பது சொற்களும் நான்கு சொற்களும் எதிர்பார்த்த ஒழுங்கில் வருகின்றனவா என மீண்டும் வினவ வேண்டும்.

திருத்தம் ஒன்று புதிய பிழையைப் பெறுவதும் உண்டு. ஔவை என்னும் பெயரை ஒகரமும் ளகரமுமாகத் தட்டச்சிட்டு ஒளவை என எழுதுவது பரவலான வழக்கம். கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. கணினிக்கு வேறு வேறானவை. இதனைத் தீர்க்க எண்ணி, ஒள என்னும் இணைப்பை ஔகாரத்திற்குச் சமமெனக் கொள்ளுமாறு விதியெழுதினால் ஔவையும் ஒளவையும் ஒன்றாகும். ஆனால் ஒளி, ஒளிர், ஒள்ளிய என்னும் சொற்களும் ஔகாரத்தின் கீழ்ப் போய்விடும். ஓடமும் ஓலையும் கடந்தபின்னரே ஒளி தென்படும். ஔவையை மீட்ட விதி ஒளியைத் தொலைத்துவிட்டது. எனவே ஒவ்வொரு புதிய விதிக்கும் பின்னர்ப் பழைய பரிசோதனைகள் அனைத்தையும் மீள நடத்துதல் இன்றியமையாதது. வகரம் தொடரும் இடத்திற்கு மட்டும் விதியைக் குறுக்குவது பாதுகாப்பானது.

ஒரே வடிவத்திற்கு இரு குறியெண் வழிகள் இருப்பதும் கருதத்தக்கது. கொ என்பதை ஒற்றைக் குறியாலும் எழுதலாம், கொம்பும் காலும் எனப் பிரித்தும் எழுதலாம். யுனிகோட் இரண்டையும் சமமானவை என விதிக்கின்றது. ஆயினும் தரவுத்தளம் குறியெண்களை அப்படியே ஒப்பிட்டுச் சமத்துவத்தைத் தீர்மானிக்கும்போது, கொடி என்னும் சொல் ஒரே அட்டவணையில் இருமுறை தனித்துவமானதாக ஏற்கப்படும். 2019இல் வெளிவந்த 12ஆம் பதிப்பு முதல், ஒழுங்குவிதியே சமத்துவத்தையும் தீர்மானிக்க வழியுண்டு. ஒழுங்கு பற்றிய வினா அடையாளம் பற்றிய வினாவாக மாறும் இடம் இது. ஒருவர் ஒருவரா இருவரா என்பதைப் பட்டியல் தீர்மானிக்கின்றது.

கிரந்த எழுத்துகளின் இடமே மிகக் கூர்மையான சமூகப் பிரச்சினை. ஜகரத்தைச் சகரத்தின்பின் வைப்பதா, ஷ, ஸ, ஹ என்பவற்றோடு சேர்த்து னகரத்தின்பின் வைப்பதா? தனித்தமிழ் நோக்குடையோர் இவ்வெழுத்துகளுக்கு இடமே வேண்டியதில்லை என்பர். ஆனால் பெயர்ப்பட்டியல் இலக்கணச் சங்கற்பங்களுக்குக் காத்திருப்பதில்லை. இலங்கையின் தமிழ் பேசும் முசுலிம் மக்களிடையே ஹனீபாவும் ஸரீனாவும் ஜெமீலாவும் வாழ்கின்றனர். கிறித்தவர்களிடையே ஜேம்சும் ஸ்ரெல்லாவும் உள்ளனர். சைவர்களிடையே ஜெயலட்சுமி இல்லாத ஊர் உண்டோ? இப்பெயர்களுக்கு இடமளிக்காத வரிசை ஒரு மக்கள் பகுதியைப் பட்டியலின் புறத்தே நிறுத்துகின்றது.

ஈற்றில் வைத்தல் இழிவு என்று நான் கூறவில்லை. ஈற்றில் வைக்கப்பட்ட ழ, ள, ற, ன என்பவையே பின்னர்த் தமிழின் தனிச்சிறப்பாகப் போற்றப்பட்டன. னகரத்திற்கு வீடுபேறே கிட்டியது. பின்வந்தோரை இறுதியிற் சேர்த்துக்கொள்ளும் பழைய தமிழ் வழியினையே கிரந்த எழுத்துகளுக்கும் நீட்டித்து, ன < ஜ < ஷ < ஸ < ஹ என விதி செய்தல் மரபுக்கும் முரணாகாது. தேடுவோருக்கும் அவை ஒரே இடத்திற் கிடைக்கும். முக்கியமானது அவை வரிசையின் உறுப்பினராக ஏற்கப்படுதலும், அவ்விடம் எது என்பது வெளிப்படையாக அறிவிக்கப்படுதலுமே. விதி எழுத்தில் இருக்குமாயின் அதனை விவாதிக்கலாம், திருத்தலாம். இயல்புநிலையாக மறைந்திருக்கும் விதியோடு எவரும் விவாதிக்க முடியாது.

VII

ஒழுங்கினை மாற்றுவோர் அதன் விளைவுகளையும் ஏற்கவேண்டும். நூலகமொன்றின் பட்டியல் அட்டைகளை எண்ணிப் பாருங்கள். பழைய அட்டைகள் பழைய விதிப்படி அடுக்கப்பட்டுள்ளன. ஒரு நாட் காலை விதி மாறுகின்றது, அட்டைகள் மட்டும் அவ்விடத்திலேயே இருக்கின்றன. புதிய விதியை நம்பித் தேடுபவர் இருக்கும் நூலை இல்லையெனக் கொண்டு திரும்புவார். நூலகர் அதற்கு இன்னோர் அட்டை எழுதி வைப்பார். தரவுத்தளத்தின் சுட்டியிலும் நிகழ்வது இதுவே. 2018இல் லினக்ஸ் இயங்குதளங்களின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியின் 2.28ஆம் பதிப்பு சொல்லொழுங்கு விதிகளைப் பெருமளவில் மாற்றிற்று. இயங்குதளத்தைப் புதுப்பித்து, சுட்டிகளை மீளக் கட்டாது விட்ட தரவுத்தளங்களில், இருக்கும் நிரைகள் தேடலில் அகப்படாது போதலும், தனித்துவம் காக்கவேண்டிய நிரலில் இரட்டைப் பதிவுகள் நுழைதலும் நேர்ந்தன. தரவு ஒன்றுகூட மாறவில்லை. மாறியது ஒழுங்கு மட்டுமே. ஒழுங்கு வெறும் அலங்காரம் எனக் கருதுவோர்க்கு இது தக்க படிப்பினை.

பிறப்பு, காணி, வாக்குரிமை, கல்வி, சிகிச்சை ஆகிய யாவும் இன்று பட்டியல்களினூடாகவே மக்களை வந்தடைகின்றன. பட்டியலில் தேடி அகப்படாத பெயர் நடைமுறையில் இல்லாத பெயரே. கருமபீடத்தின் முன் நிற்கும் முதியவளிடம் உங்கள் பெயர் இல்லை எனக் கூறும் எழுதுநர், அது னகரத்தின் இடம் மாறியதால் நேர்ந்ததா, ஒகரம் பிரிந்து நின்றதால் நேர்ந்ததா என அறியார். அம்முதியவளும் அறியாள். விதியை எழுதியவர் இருவருக்கும் தெரியாத எங்கோ ஓரிடத்தில் இருக்கின்றார்.

நிகண்டின் ஒழுங்கு தெய்வத்திலிருந்து இறங்கி வந்தது. அகராதியின் ஒழுங்கு அதனைச் சமப்படுத்தியது. இயந்திரத்தின் ஒழுங்கு அச்சமத்துவத்தைப் பேணுமா, மறைவான புதிய படிநிலையொன்றை ஆக்குமா என்பது இயந்திரத்தின் இயல்பிலே தங்கியிருக்கவில்லை. எமது பல்கலைக்கழகங்களின் தமிழ்த் துறைகள் கணினித் துறையினரோடு இணைந்து செய்யவேண்டிய பணிகள் சில உள. மரபு வரிசைக்கும் கிரந்த எழுத்துகளுக்கும் உரிய விதியை வெளிப்படையாக எழுதுதல், வேறுபாடுகளைப் பிரித்துக் காட்டும் சொற்களின் பரிசோதனைத் தொகுதியொன்றை ஆக்குதல், அதிலே முசுலிம், மலையக, கிறித்தவப் பெயர்களுக்கும் உரிய இடமளித்தல், விதி மாறுந்தோறும் பழைய பரிசோதனைகளை மீள நடத்துதல் என்பன அவை. சந்திரசேகர பண்டிதரும் அவரோடு உழைத்தோரும் மானிப்பாயில் ஒவ்வொரு சொல்லாக எடுத்து, இதற்கு முன் எது, இதற்குப் பின் எது என இருந்து தீர்மானித்தனர். அவ்வேலை முடிந்துவிட்டது என எண்ணியமையே எமது தவறு.